கரடியூரில் ஆக்கிய கோழி

"கோழி ஆக்கத் தெரியுமாங்கண்ணா?" என்று சரோஜா தொலைபேசியில் கேட்டபோது, நான் மாயவரத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை இருப்பது தெரிந்தால் அதிலிருந்து எடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கத் தயங்குகிற குடும்பம் எங்களுடையது. ஐம்பது வயது தாண்டியும் நான் ஒரு கோழியைத் தொட்டதில்லை. உயிரோடும் சரி, மற்றபடியும் சரி.

"தெரியாதேம்மா. எதுக்கு?"

"தெரிஞ்சுக்கோணுங்கண்ணா. வேற வழி இல்ல."

சரோஜா என் கூடப்பிறந்தவள் அல்ல. வாலிப வயதில் நாங்கள் இருவரும் சேலத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தோம். நான் பில் போடுகிற இடத்தில், அவள் புடவைப் பிரிவில். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். ஏற்காட்டு மலையில் கரடியூரைச் சேர்ந்த சின்னுசாமி அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது, "பொண்ணு ஊட்டுக்காரங்க யாரு?" என்று அவருடைய சொந்தங்கள் கேட்டன. பதிலுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் போய் மணவறையில் அண்ணனாக நின்றேன். அன்றிலிருந்து பொங்கலுக்குப் பொங்கல் அவளுக்கு ஒரு சேலை அனுப்புவேன். அவள் தோட்டத்துக் காபிக்கொட்டை எனக்கு வரும்.

போன மாதம் சின்னுசாமி காபி காயவைக்கும் களத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. சாவுக்கு நான் போயிருந்தேன். இப்போது அடுத்த சங்கதி.

அந்தக் குடும்பத்து வழக்கப்படி, காரியம் முடிந்த மறுநாள் துக்கம் கழிக்க வேண்டும். புருஷனை இழந்தவளுடைய பிறந்த வீட்டார் ஒரு சேவலை உயிரோடு கொண்டுவந்து, அவள் வீட்டு அடுப்பில் தங்கள் கையால் குழம்பு வைத்து, உச்சிப் பொழுதுக்குள் முதல் சோறு அவளுக்குப் போட வேண்டும். அதுவரை அவள் அடுப்பங்கரைக்குள் கால் வைக்கக் கூடாது. பிறந்த வீட்டார் இல்லையென்றால் புருஷனின் அண்ணன் தம்பிகள் தங்கள் வீட்டு அடுப்பில் ஆக்கி, அவளை அங்கே அழைத்துப் போய்ப் போடுவார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு அந்த அடுப்புதான். தன் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். தோட்டமும் அந்தச் சாவியோடு போகும்.

"சட்டப்படி எல்லாம் உன்னுதுதானே?" என்றேன்.

"சட்டம் சேலத்துல இருக்குதுங்கண்ணா. நான் இங்கல்ல இருக்கறேன்."

சின்னுசாமியின் அண்ணன் மாரப்பன் இப்போதே தன் வீட்டில் அவளுக்கு ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாராம். "சைவக்காரன் வந்து கோழி ஆக்குவானாக்கும்" என்று ஊரில் சொல்லிச் சிரித்தாராம்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "போய் ஆக்கிப் போடுங்க. திரும்பி வந்ததும் கொல்லைப்பக்கமா வந்து கிணத்தடியில குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள்.

*

சேலத்திலிருந்து மலையேறும் பஸ் ஏழெட்டு வளைவு வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்தி, "தண்ணி கொதிச்சிருச்சு. ஆறட்டும். எல்லாரும் எறங்கி நில்லுங்க" என்றார். இறங்கினோம். குரங்குகள் எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி ரோட்டோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எங்கள் ஊரில் பஸ் நின்றால் நாலு பக்கமும் வயல் தெரியும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம். இங்கே ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. துணிக்கடைக்கு வந்த பெங்களூர் வியாபாரிகளிடமிருந்து பொறுக்கிக்கொண்ட கன்னடம் எனக்குப் பாதி புரியும். "இதுக்கு உங்க அம்மா வீட்டுக்கே போயிருக்கலாம்" என்றாள் அவள். "அங்கேயும் நீ இதையேதான் சொல்லுவே" என்றான் அவன்.

நான் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, செல்போனில் சத்தத்தை அடைத்துவிட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிற வீடியோ ஒன்றைப் பார்க்கத் தொடங்கினேன். கெட்ட படம் பார்க்கிறவன் மாதிரி திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தேன். அப்படியும் தப்பவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தம்மா தக்காளி போடுது பாருங்க. நாட்டுக்கோழிக்கு யாருங்க தக்காளி போடறாங்க?"

அவ்வளவுதான். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கொத்தமல்லியை வறுக்க வேண்டும் என்றார் ஒருவர். வறுத்தால் நிறம் போய்விடும், பச்சையாக அரை என்றார் இன்னொருவர். தேங்காய் வேண்டும், வேண்டாம் என்று கூட்டத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எனக்காக முறைத்துக்கொண்டார்கள். "யாருக்குங்க சமைக்கறீங்க?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். "தங்கச்சிக்கு" என்றேன். சொன்ன பிறகுதான், அந்தச் சொல்லை இத்தனை வருடத்தில் வெளியாரிடம் நான் அதிகம் சொன்னதில்லை என்று தோன்றியது.

பஸ் கிளம்பியபோது எனக்குள் இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிருந்தது.

ஏற்காட்டில் மழைக்கு முந்திய மூட்டம். ஏரிப்பக்கம் ஒரு சின்ன மெஸ்ஸில் சைவச் சாப்பாடு கிடைத்தது. அவரைக்காய்ப் பொரியல், மிளகு தூக்கலாகப் போட்ட ரசம். எங்கள் பக்கத்து ரசத்தைவிடத் திக்காக, நெஞ்சுக்கு இதமாக இருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்று உற்றுப் பார்த்தேன். எலும்பில் சதை எங்கே ஒட்டுகிறது, எங்கே விடுகிறது என்று. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "என்னங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

*

அன்றிரவு ஏற்காட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை கடைவீதியில் கறிக்கடைக்காரர், "பிராய்லர்தாங்க இருக்குது. உயிரோட சேவல் வேணும்னா சர்ச்சுக்குப் பின்னால பிலோமினாம்மா ஊட்டுல கேளுங்க" என்றார்.

பிலோமினாம்மா எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வீட்டைச் சுற்றிக் கோழிகள் மேய்ந்தன. ஒரு சிவப்புச் சேவலைப் பிடித்துக் கால்களைக் கட்டிக்கொண்டே, "என்ன விசேசமுங்க?" என்று கேட்டார். சொன்னேன். கட்டிய கயிற்றை அவிழ்த்து அந்தச் சேவலை விட்டுவிட்டார்.

"சின்னுசாமி எங்க எஸ்டேட்டுல மொளகு பறிக்க வருவாருங்க. நல்ல மனுசன். அந்தப் பொண்ணுக்குன்னா இது வேண்டாம், முத்தலு." கொல்லைக்குப் போய் வேறொன்றைப் பிடித்துவந்தார். இளஞ்சேவல், கழுத்தில் பொன்னிற இறகு. "மடியில வெச்சுக்கோங்க. தலைமேல துண்டப் போட்டு மூடிருங்க. இருட்டிப்போச்சுன்னு நெனச்சு சத்தம் போடாது."

கரடியூர் போகும் ஜீப்பில் ஏழெட்டுப் பேரோடு நெருக்கி உட்கார்ந்தேன். மடியில் சாக்குப்பை, அதற்குள் அது. பையைத் தாண்டி அதன் சூடு என் தொடையில் இறங்கியது. அதன் இதயம் அவ்வளவு வேகமாக அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும், அடிப்பது அதன் இதயமா என்னுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். பையோடு ஓடுவதா, பையை வைத்துவிட்டு ஓடுவதா என்பதுதான் முடிவாகவில்லை.

பாதி வழியில் டயர் பஞ்சர். டிரைவர் இறங்கிப் பார்த்து, "ஸ்டெப்னியும் காத்து இல்லீங்க. வேற வண்டி வரோணும்" என்றார். தூறல் விழ ஆரம்பித்தது. எந்த வண்டியும் வரவில்லை. சரோஜா போன் செய்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"எங்க இருக்கறீங்கண்ணா? பெரியவுங்க எல்லாம் வந்து உக்காந்துட்டாங்க. அவரு அண்ணன் அங்க தன் ஊட்டு அடுப்ப மூட்டச் சொல்லிட்டாரு."

நான் நடந்தேன். காபித் தோட்டங்களுக்கு நடுவே தார் ரோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சமதரையில் நடந்தே பழகிய கால்கள். மூச்சு வாங்கியது. சேவல் நனையக் கூடாது என்று பையைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதை என்ன செய்யப்போகிறோம் என்பது தெரிந்தும், சளி பிடித்துவிடுமோ என்கிற மாதிரி அணைத்துக்கொண்டு போனேன்.

*

சரோஜாவின் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் நின்றது. முன்னால் மாரப்பன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏனுங்க மச்சான், வந்துட்டீங்களா? வர மாட்டீங்கன்னுல்ல எங்கூட்டு அடுப்புல சட்டிய ஏத்தச் சொன்னேன்."

"வந்துட்டேன். இறக்கச் சொல்லிடுங்க" என்றேன்.

"சரி. அப்ப அறுக்கறதும் நீங்கதானுங்க."

ஊர்ப் பெரியவர் காளியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வழக்கத்தில் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதுதான் முடிவு. எச்சிலைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அறுக்கறது யாரு வேணா அறுக்கலாம் மாரப்பா. கொண்டாறதும் அடுப்புல ஆக்கறதுந்தான் பொறந்தவன். கொண்டா சாமி, நானே அறுத்துத் தாரேன்."

அவர் கொல்லைக்குப் போனார். நான் திரும்பிக் காபிச் செடிகளைப் பார்த்தபடி நின்றேன். சிறகு படபடத்தது. அப்புறம் படபடக்கவில்லை. மயிர் பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டுகிற நாற்றம் வந்தது. தலைமுடி கருகினால் வருகிற அதே நாற்றம். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அடுப்பங்கரை சின்னது, விறகடுப்பு. வாசற்படியில் மாரப்பனின் மனைவி பழனியம்மாள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் மட்டும்தான் ஆக்குகிறேனா என்று பார்ப்பதற்காக அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரோஜா முன்னறையில் சுவரின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரத்தான் கூடாது, பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"அண்ணா, மொதல்ல காலு. மூட்டு எங்க இருக்குதுன்னு வெரல்ல தடவிப் பாருங்க. அந்தச் சந்துல கத்திய வெச்சா கழண்டுக்கும்."

தட்டில் கிடந்ததைத் தொட்டேன். இன்னும் சூடு இருந்தது. ஜீப்பில் என் மடிக்கு வந்த அதே சூடு. கையை எடுத்துவிட்டேன். பழனியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தொட்டேன். வாழ்நாளில் எத்தனையோ கத்தரிக்காய், வாழைப்பூ, சேனைக்கிழங்கு நறுக்கியிருக்கிறேன். எதுவும் கத்திக்கு அடியில் நழுவியதில்லை. இது நழுவியது. தோலைப் பிடித்தால் சதை நகர்ந்தது. மூட்டைத் தேடினேன். கிடைத்தது. என் முழங்காலில் கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். 'டக்' என்று கழன்றது.

"கழண்டுச்சுங்களா?"

"ம்."

"இப்ப வயித்தக் கீறுங்க. பாத்துங்கண்ணா. ஈரலோட பச்சையா சின்னப் பை மாதிரி ஒட்டியிருக்கும். அது பித்தப்பை. ஒடைஞ்சா அத்தனையும் கசப்பாயிரும். அதுக்கப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

கையை உள்ளே விட்டேன். அதை எழுதுவதற்கு எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. வழவழப்பான பலவற்றுக்கு நடுவே ஈரல் வந்தது. அதன் ஓரத்தில், நாவற்பிஞ்சு அளவுக்கு, கரும்பச்சையாக அது இருந்தது. முன்னறையில் யாரோ, "இன்னும் துண்டே போடலையாம்" என்று சொல்வது கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஈரலில் கொஞ்சம் போனாலும் போகட்டும் என்று, தள்ளி நறுக்கினேன். பை உடையாமல் வந்தது. அதை வாழைமட்டையில் வைத்த பிறகுதான் மூச்சு விட்டேன். முதுகெல்லாம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

துண்டு போட்டு மஞ்சள் நீரில் கழுவியபின் எனக்குப் பழகிய வேலை வந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய். வதக்கி, அம்மியில் அரைத்தேன். அந்த வீட்டில் எண்ணெய் காய்ந்தே பல நாள் ஆகியிருந்தது. கடுகு வெடித்தபோது முன்னறையில் பேச்சு ஒரு நொடி நின்றது.

கறியைப் போட்டேன், மசாலாவைப் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். அப்போது அடுப்பு புகைந்தது. மழையில் நனைந்த விறகு. ஊதினேன். கண் எரிந்தது. இன்னும் ஊதினேன். தணல் மங்கிக்கொண்டே போனது. நாட்டுக்கோழி வேக நேரம் பிடிக்கும். பஸ் நின்ற இடத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன ஒரே விஷயம் அதுதான். வெளியே வெயில் இல்லை, பொழுது எவ்வளவு ஏறியிருக்கிறது என்றும் தெரியவில்லை.

படியில் உட்கார்ந்திருந்த பழனியம்மாள் காலை நீட்டினார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த காய்ந்த சில்வர் ஓக் கட்டைகளில் ஒன்றைக் காலாலேயே என் பக்கம் தள்ளினார். பிறகு இன்னொன்று.

நான் அவரைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறீங்க? அடுப்ப நான் தொடலீங்களே" என்றார், தாழ்ந்த குரலில்.

தீ பிடித்துக்கொண்டது. குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. "இப்ப மூடி வெச்சிருங்கண்ணா. ஒரு கொதி வந்ததும்..." என்று சரோஜா தொடங்கினாள். அந்த நேரத்தில் மாரப்பன் முன்னறைக்குள் நுழைந்துவிட்டார். புருஷனின் அண்ணன் முன்னால் வாய் திறந்து பேசுகிற பழக்கம் அந்த வீட்டுப் பெண்களுக்கு இல்லை. சுவருக்கு அப்பால் அவள் குரல் நின்றது. மாரப்பன் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அவள் பேசவே இல்லை.

ஒரு கொதி வந்ததும் என்ன? நானாக யோசித்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன், கிளறினேன், தேங்காய் துருவிப் பால் பிழிந்து ஊற்றினேன். கறி வெந்ததா என்று கரண்டியால் அழுத்திப் பார்த்தேன். வழக்கமாக என் சமையலில் எல்லாம் முடிந்ததும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். இதில் அதைச் செய்ய மாட்டேன் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். மணம் நன்றாக இருந்தது. அது கோழி என்பதை மறந்தால், உண்மையிலேயே நன்றாக இருந்தது. இறக்கினேன்.

*

முன்னறையில் இலை போட்டார்கள். நடுவில் சரோஜா, பிறந்த வீட்டுச் சீராக நான் கொண்டுவந்த புதுச் சேலையில். எதிரே காளியப்பன், மாரப்பன், பங்காளிகள் நாலு பேர். நான் சோறு போட்டேன். அவள் இலையில் முதலில் குழம்பை ஊற்றினேன், ஈரலையும் ஒரு காலையும் வைத்தேன்.

அவள் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மென்றாள். விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குதுங்கண்ணா" என்றாள். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டாள்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மற்றவர்களுக்கும் பரிமாறினேன். மாரப்பன் ஒரு கவளம் வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"உப்பே போடல."

காளியப்பன் கையை இலையிலேயே வைத்துவிட்டார். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கொதி வந்ததும் உப்பு. சரோஜா சொல்ல வந்தது அதுதான்.

"உப்பில்லாத சோறு எதுக்குப் போடறதுங்க?" மாரப்பன் காளியப்பனைப் பார்த்துக் கேட்டார். "எழவு ஊட்டுல, பொணத்துக்குப் படைக்கறப்பப் போடறது. பொறந்தவன் துக்கத்தக் கழிக்க வந்தானா, இன்னொருக்கா கொண்டாந்து வெக்க வந்தானா? இது செல்லாதுங்க. எங்கூட்டுல ஒலை கொதிச்சிட்டுத்தான் இருக்குது. எந்திரிக்கச் சொல்லுங்க அந்தப் புள்ளைய."

காளியப்பன் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரம்தான் எனக்கு அந்தப் பயணத்திலேயே மோசமான நேரம். மலையேறி, மழையில் நடந்து, அந்த உயிரை எடுக்க வைத்து, கடைசியில் நானே இவளுடைய வீட்டைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. "மறந்துட்டேங்க. தப்பு என்மேலதான்" என்று ஏதோ சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

சரோஜா எழுந்தாள். எச்சில் கையோடு எழுந்தாள். மாரப்பனின் வீட்டுக்குப் போகத்தான் எழுந்தாள் என்று அவரே நினைத்திருப்பார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் வாசல் பக்கம் போகவில்லை. திரும்பி நேராக அடுப்பங்கரைக்குள் போனாள்.

"ஏய், ஏய்" என்றார் ஒரு பங்காளி.

படியிலிருந்த பழனியம்மாள் எழுந்து வழி விட்டார்.

உள்ளே ஜாடி நகர்கிற சத்தம் கேட்டது. உப்பு ஜாடியை இடது கையில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கையைக் கழுவியிருந்தாள். முதலில் மாரப்பனின் இலைக்கு முன்னால் குனிந்து, ஓரத்தில் ஒரு சிட்டிகை கல்லுப்பு வைத்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்துப் பேசினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"சாப்புடுங்க மாமா. எங்கூட்டு உப்பு."

அடுத்து காளியப்பனுக்கு. அடுத்து பங்காளிகளுக்கு ஒவ்வொருவராக. கடைசியில் தன் இலைக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காளியப்பன் உப்பைச் சோற்றில் சேர்த்துப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"உச்சிக்கு முன்னாடியே மொதச் சோறு பொறந்தவன் போட்டான், அவ தின்னுட்டா. துக்கம் அப்பவே கழிஞ்சுது" என்றார். "கழிஞ்ச பொறவு அவ ஊட்டு அடுப்பங்கரைக்குள்ள அவ போறதுக்கு ஆர்கிட்டக் கேக்கோணும்? இப்ப உப்பு சரியா இருக்குது. கறி நல்லா வெந்திருக்குது. தின்னு மாரப்பா."

மாரப்பன் தின்னவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கதவோரம் நின்ற அவர் மனைவி பேசினார்.

"திங்கறதுன்னா தின்னுங்க. இல்லாட்டி எந்திரிங்க. எலை காயுது."

அவர் உப்பைத் தொட்டுச் சோற்றில் போட்டுப் பிசைந்தார்.

நான் சாப்பிட்டேனா என்று எங்கள் ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை. எல்லோரும் போன பிறகு சரோஜா எனக்குத் தனியாக ஒரு தட்டில் சோறும் மோரும் எலுமிச்சை ஊறுகாயும் வைத்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் அந்த வாசனை இருந்தது. கழுத்தில் பொன்னிற இறகு வைத்த ஒன்று காலையில் என் மடியில் இருந்தது. அது இப்போது இல்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. சரோஜா எதிரே உட்கார்ந்திருந்தாள். "உப்பு இல்லேன்னு மொத வாயிலயே தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதுங்க."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

"நொம்ப நாளைக்கு அப்பறம் பசிச்சுதுங்கண்ணா" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

*

காலையில் மூட்டம் விலகியிருந்தது. கீழே சமவெளி வெகு தூரத்துக்குத் தெரிந்தது. அதன் கோடியில் எங்கோ எங்கள் ஊரும் கிணற்றடியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜீப் வர நேரமிருந்தது. சரோஜா அடுப்பில் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருமல் கேட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் உள்ளே வரவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு குரல் வந்தது.

"ஊட்டுல ஆருங்க? களத்துல கொட்டைய எடுத்துப் போடோணுமே, ஆளு அனுப்பட்டுங்களா?"

அது மாரப்பனின் குரல் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நான் எழப் போனேன். சரோஜா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். காபியை ஆற்றி என் முன்னால் வைத்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். அவசரமே இல்லாமல் அடுப்பங்கரை வாசல் வரைக்கும் வந்து நின்றுகொண்டு கேட்டாள்:

"யாருங்க அது?"